ஊருக்குப் பொதுக் கணினி: வாங்கும் முன் ஒரு நோட்டு

‘‘எங்கள் ஊரிலிருந்து துபாய்க்கு வேலைக்குப் போன ஒருவர், ஊருக்குப் பொதுவாக இரண்டு கணினிகள் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஓர் அறை காலியாக இருக்கிறது. ‘எல்லார் கையிலும் செல்போன் இருக்கும்போது இது எதற்கு?’ என்று சிலர் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?’’

- வாசகர், திண்டிவனம் வட்டம்.

அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மழை நிலவரம், மார்க்கெட் விலை எல்லாம் செல்போனிலேயே வந்துவிடுகிறது. ஆனால், உங்கள் ஊருக்கு மட்டும் தேவையான தகவலை வெளியிலிருந்து யாரும் சேர்த்துத் தர மாட்டார்கள். அதை ஊரே சேர்த்தால்தான் உண்டு. இதற்கான பாடம் உங்களுக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரியில் இருக்கிறது.

1998-ம் ஆண்டு எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்குள்ள கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. அப்போது கிராமத்தில் டெலிபோன் ஒழுங்காகக் கிடைக்காது, கரன்ட்டையும் நம்ப முடியாது. அதனால் வில்லியனூரில் தலைமை மையம் வைத்து, அங்கிருந்து வயர்லெஸ் மூலம் மற்ற ஊர்களுக்குத் தகவல் அனுப்பினார்கள். ஏம்பலத்தில் சூரிய சக்தியில் கணினி ஓடியது.

கணினியை இறக்குவதற்கு முன்பே, ‘உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்?’ என்று ஊர் ஊராகக் கேட்டார்கள். விவசாயிகள் விளைபொருள் விலையும் அரசுத் திட்ட விவரமும் கேட்டார்கள். வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு, கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்பது தெரிய வேண்டியிருந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அந்த விவரம் கிடைத்தது. அதை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர் கணினி முன்னால் வந்து உட்கார மாட்டார் அல்லவா?

இடமும் ஆளும் ஊர் தர வேண்டும், எந்தச் சாதியினரும் தடையில்லாமல் வந்துபோக வேண்டும் என்பது ஏற்பாடு. ஏம்பலத்தில் கோயில் கட்டடத்தின் ஒரு பக்கத்தில் மையம் அமைந்தது. கோயில் வாசலில் நுழைய முடியாதவர்களும் மையத்தின் வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். பல மையங்களை உள்ளூர்ப் பெண்களே நடத்தினார்கள். பெண்கள் தயங்காமல் வந்து கேட்க அது வழி செய்தது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் செய்தி அறிந்து வீட்டுக்குப் போன் செய்தார். ஊர்க்காரர்கள் மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். மக்கள் கரையை விட்டு ஓடினார்கள். வீடுகளும் படகுகளும் நாசமாயின, உயிர்கள் தப்பின. எச்சரித்தது கணினி இல்லை, ஒரு போன்கால்தான். ஆனால், தினமும் கடல் நிலவரம் சொல்லிவந்த ஒலிபெருக்கி அங்கே இருந்தது. அதன் சொல்லை நம்பும் பழக்கமும் மக்களுக்கு இருந்தது.

இனி உங்கள் ஊருக்கு வருவோம்.

முதலில், ஒரு மாதத்துக்கு அந்த அறையில் 80 பக்க நோட்டு ஒன்றை வையுங்கள். யார் வந்து என்ன கேட்டாலும் எழுதுங்கள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, ஆட்டுக்குத் தடுப்பூசி போடும் நாள், பிள்ளையின் கல்லூரி விண்ணப்பம் என்று எதுவானாலும் சரி. படிக்காதவர் கேட்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் தெருவிலிருந்து யாரும் வரவில்லை என்பதையும் பாருங்கள். அந்தத் தெருக்காரர்கள் தயங்காமல் வரக்கூடிய இடமாக அறை இல்லையென்றால், இடத்தை மாற்றுங்கள்.

இரண்டாவது, கணினி வாங்குவது ஒருமுறைச் செலவு. இணையக் கட்டணம், பழுது, பேட்டரி, கதவைத் திறந்து உட்காருபவருக்கான ஊதியம் எல்லாம் மாதச் செலவு. இரண்டு கணினிக்குப் பதில் ஒன்றை வாங்கித் தந்து, மீதிப் பணத்தை இந்தச் செலவுக்கு ஒதுக்கும்படி துபாய் நண்பரிடம் கேளுங்கள்.

மூன்றாவது, ஊரில் மட்டுமே இருப்பதைச் சேருங்கள். எந்த மதகில் எந்த வயலுக்குத் தண்ணீர் பாயும், வாய்க்கால்களின் பெயர் என்ன, எந்த மண்ணுக்கு எந்த நெல் தாங்கியது, மாட்டுக்கு வயிறு உப்பினால் என்ன கொடுத்தார்கள் என்பதெல்லாம் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அவர்கள் சம்மதத்தோடு செல்போனில் பேச்சைப் பதிவு செய்யுங்கள். பேசியவர் பெயரையும் தேதியையும் சேர்த்துச் சொல்லிப் பதியுங்கள். இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு எழுத வைத்தால், அவர்களுக்கு அது பாடமும் ஆகும்.

வீடுகளில் ஓலைச்சுவடி, பழைய நூல் இருந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போகவிடாதீர்கள். படம் எடுத்து, தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்கு எழுதிக் கேளுங்கள். அவர்களது மின்நூலகத்தில் பழந்தமிழ் நூல்கள், பழைய இதழ்கள், சுவடிகளை இலவசமாகப் படிக்கலாம்.

மாத முடிவில் நோட்டைக் கிராம சபையில் எல்லார் முன்பும் வாசியுங்கள். ‘செல்போன் போதாதா?’ என்று கேட்டவர்களையும் கூப்பிடுங்கள். நோட்டு நிரம்பியிருந்தால் கணினி வரட்டும். இல்லையென்றால், இன்னும் ஒரு மாதம் நோட்டே இருக்கட்டும்.