பந்தெறியும் பிள்ளையும் புகுந்த வீடும்

ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் போதும், அமெரிக்காவில் ஜோஸ்யர்களுக்கு ஓய்வு ஒழிவு கிடையாது. கிரகங்களைப் பார்த்துப் பலன் சொல்லும் ஜோஸ்யர்கள் அல்ல, கால்பந்து ஜோஸ்யர்கள். செப்டம்பரில் தொடங்கப் போகிற சீஸனில் எந்தக் கோஷ்டி தலை நிமிரும், எது மண்ணைக் கவ்வும், கல்லூரியிலிருந்து புதிதாக வருகிற பிள்ளைகளில் யார் சோபிப்பார், யார் சோடை போவார் என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாகவும், டெலிவிஷனில் மணிக் கணக்காகவும் ஹேஷ்யங்கள் புறப்பட்டுவிடும்.

இந்த ஜோஸ்யர்களை விவரமறியாதவர்கள் என்று சொல்வதற்கில்லை. ஒரு பிள்ளை நாற்பது கஜ தூரத்தை எத்தனை விநாடியில் ஓடுகிறார், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் குதிக்கிறார், உள்ளங்கை எத்தனை அங்குலம் என்பது வரையில் அளந்து குறித்து வைத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் வருஷா வருஷம் அவர்கள் வாக்கு பொய்த்துப் போகிறதே, காரணம் என்ன? பிள்ளையை அளக்கிறார்கள், அவர் போய்ச் சேருகிற வீட்டை அளப்பதில்லை. பெண்ணின் குணத்தையும் படிப்பையும் மட்டும் பார்த்துவிட்டு, புகுந்த வீடு எப்படிப்பட்டது என்று விசாரிக்காமலே, "இவள் நன்றாக வாழ்வாள்" என்று வாக்குக் கொடுப்பதைப் போன்றது இது.

அமெரிக்கர்கள் கால்பந்து என்று அழைக்கும் ஆட்டத்தில் காலுக்கு அவ்வளவாக வேலையில்லை. முட்டை போன்ற பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், தொலைவில் ஓடுகிறவருக்கு எறிவதும்தான் ஆட்டம். எறிகிறவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். கோஷ்டியின் மூளையும் கையும் அவர்தான். அவருக்கு முன்னால் ஐந்து ஆஜானுபாகுவான ஆட்கள் மதில் போல் நின்று, பாய்ந்து வருகிற எதிரிகளைத் தடுக்கிறார்கள். மதில் இடிந்தால் குவார்ட்டர்பேக் தரையில் உருள வேண்டியதுதான். அவர் எவ்வளவு பெரிய சூரராக இருந்தாலும் சரி. சாதாரணமாகப் புதுமுகங்களைப் பற்றிய வாதங்களில் முக்கால்வாசி இந்தக் குவார்ட்டர்பேக்குகளைப் பற்றியதே.

முதல்வர் ஆடவே இல்லை

புதிய ஆட்டக்காரர்களைப் பங்கிட்டுக்கொள்ள "டிராப்ட்" என்று ஓர் ஏற்பாடு உண்டு. பிலடெல்பியா ஈகிள்ஸ் கோஷ்டியின் முதலாளியான பெர்ட் பெல் என்பவரின் யோசனை அது. நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரும் பணமும் பெயரும் உள்ள கோஷ்டிகளையே நாடிப் போனதால், அவருடைய கோஷ்டி ஓயாமல் தோற்றுக்கொண்டிருந்தது. "கடைசியில் நிற்பவன் முதலில் பொறுக்கட்டும்" என்பதே அவருடைய திட்டத்தின் சாரம். 1936-ஆம் வருஷம் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் ஒன்பது கோஷ்டிகளும் கூடி முதல் டிராப்டை நடத்தின. முதல் பெயராக அழைக்கப்பட்டவர் சிகாகோ யுனிவர்சிடி மாணவரான ஜே பெர்வாங்கர். முந்தின வருஷந்தான் கல்லூரி ஆட்டக்காரர்களில் தலைசிறந்தவர் என்று பரிசு பெற்றவர். ஆனால் சம்பளப் பேச்சு படியாததால் தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூட அவர் காலெடுத்து வைக்கவில்லை. டிராப்டின் சரித்திரமே ஜோஸ்யர்களுக்கு ஒரு கேலிச் சிரிப்போடுதான் தொடங்கியது!

பெர்ட் பெல்லின் திட்டம் நியாயமானதே. இன்றும் முப்பத்திரண்டு கோஷ்டிகள் அதையே பின்பற்றுகின்றன. ஆனால் அதில் ஒரு கொடுமை மறைந்து கிடக்கிறது. எல்லோரிலும் கெட்டிக்காரரான பிள்ளை, எல்லாவற்றிலும் மோசமான கோஷ்டிக்குப் போகிறார். இடிந்த மதில், நிலையில்லாத பயிற்சியாளர், பொறுமை இழந்த முதலாளி, ஆத்திரம் கொண்ட ரசிகர்கள்—இவை அவ்வளவும் அந்த இருபத்திரண்டு வயசுப் பிள்ளைக்குக் கிடைக்கும் சீதனம். ஒரு வருஷம் கழித்துப் பார்த்து, "இவர் தேறமாட்டார்" என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள்.

ஐந்து பிள்ளைகள்

2018-ஆம் வருஷத்து டிராப்டைப் போல் இதற்கு நல்ல உதாரணம் வேறில்லை. அந்த வருஷம் முதல் சுற்றிலேயே ஐந்து குவார்ட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டார்கள். பேக்கர் மேஃபீல்ட் முதலாவது; சாம் டார்னால்ட் மூன்றாவது; ஜாஷ் ஆலன் ஏழாவது; ஜாஷ் ரோஸன் பத்தாவது; லமார் ஜாக்ஸன் சுற்றின் கடைசியில், முப்பத்திரண்டாவது.

ஜாக்ஸனைப் பற்றி ஜோஸ்யர்கள் சொன்னதை இப்போது நினைத்தால் சிரிப்பு வரும். "இவருக்குப் பந்து எறிய வராது; ஓடிப் பந்தைப் பிடிக்கிற வேலைக்கு மாற்றிவிடலாம்" என்று, கோஷ்டிகளை நிர்வகித்துப் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவரே அபிப்பிராயம் சொன்னார். பால்டிமோர் ரேவன்ஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அது கடைசியில் நின்ற கோஷ்டியும் அல்ல. பழைய குவார்ட்டர்பேக்கின் நிழலில் பிள்ளையைப் பாதி சீஸன் உட்கார வைத்துப் பழக்கியது. மறு வருஷம் அவருடைய கால் வேகத்துக்குத் தக்கபடி ஆட்டத்தின் முறையையே மாற்றி அமைத்தது. 2019-இல் பதினாறு ஆட்டங்களில் பதினான்கு வெற்றி! அந்த வருஷத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு ஒரு வாக்குக்கூடச் சிதறாமல் ஜாக்ஸன் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2023-இல் மறுபடியும் அதே விருது.

ஆலன் கதையும் கிட்டத்தட்ட அதுதான். கை பலம் அபாரம், குறி சுத்த மோசம் என்று பெயர் வாங்கியவர். முதல் வருஷம் அந்தப் பெயரைக் காப்பாற்றவும் செய்தார். எறிந்த பந்துகளில் பாதிக்குச் சற்று மேல்தான் உரியவர் கையில் சேர்ந்தன. பஃபலோ பில்ஸ் கோஷ்டி பதறவில்லை. பயிற்சியாளரை மாற்றவில்லை. மதிலைப் பலப்படுத்தியது. பந்தைப் பிடிக்கத் தேர்ந்த ஆளாக ஸ்டெஃபான் டிக்ஸை 2020-இல் கொண்டுவந்து சேர்த்தது. அந்த வருஷமே பத்தில் ஏழு பந்துகள் குறியில் விழத் தொடங்கின. 2024-இல் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது ஆலனுக்கு.

ரோஸன் போன இடம் அரிஸோனா கார்டினல்ஸ். பதினாறில் மூன்று வெற்றி. நடு சீஸனில் துணைப் பயிற்சியாளர் வெளியேற்றம். சீஸன் முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளர் வெளியேற்றம். புதிதாக வந்தவர் வேறொரு பிள்ளைமேல் கண் வைத்தார். 2019-இல் கைலர் முர்ரேயை முதலாவதாக எடுத்துக்கொண்டு ரோஸனை மியாமிக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரே வருஷத்தில் குடித்தனம் முடிந்தது. அப்புறம் அவர் ஊர் ஊராகப் போனாரே தவிர, எங்கும் வேர் பிடிக்கவில்லை. அவருக்குத் திறமை இருந்ததா இல்லையா என்பதை அறிய யாருக்காவது அவகாசம் கிடைத்ததா?

முதலாவது பிள்ளையான மேஃபீல்டுக்கு வாய்த்தது க்ளீவ்லாந்து பிரௌன்ஸ். 2017-இல் பதினாறு ஆட்டத்திலும் தோற்ற கோஷ்டி அது! மேஃபீல்ட் வந்ததும் ஏழு ஆட்டங்களில் வென்றது. மூன்றாம் வருஷம், பல ஆண்டுகளாகக் கிட்டாதிருந்த நாக்-அவுட் வெற்றி ஒன்றையும் வாங்கிக் கொடுத்தார். ஆனால் அந்த மூன்று வருஷத்துக்குள் அவர் தலைமேல் நான்கு தலைமைப் பயிற்சியாளர்கள்! 2022-இல் வேறொரு குவார்ட்டர்பேக்கைப் பெரும் விலை கொடுத்து வாங்கி, இவரைக் கரோலினாவுக்குத் தள்ளினார்கள். கரோலினாவும் நடு சீஸனில் கைவிட்டது. "தீர்ந்தது இவர் கதை" என்று எழுதாத பத்திரிகை இல்லை. 2023-இல் டாம்பா பே புக்கனீர்ஸ் கோஷ்டியில் சொற்பச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் அவருடைய கோஷ்டி தன் பிரிவில் முதலாவதாக வந்தது. ஆள் அதே ஆள். கை அதே கை.

டார்னால்டின் கதை பின்னால் வருகிறது.

எல்லாப் பழியும் வீட்டின்மேலா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. 1998-இல் பேட்டன் மானிங் உசத்தியா, ரயன் லீஃப் உசத்தியா என்று அமெரிக்காவே இரண்டுபட்டு வாதாடியது. முதலாவதாக மானிங் இண்டியானாபொலிஸுக்கும் இரண்டாவதாக லீஃப் ஸான் டியேகோவுக்கும் போனார்கள். லீஃப் நான்கே வருஷத்தில் ஆட்டத்தை விட்டே போனார். அவருடைய முன்கோபமும் அசிரத்தையும் அதற்குக் காரணம் என்பதில் அபிப்பிராய பேதம் அதிகம் இல்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் சில பேர் வாழமாட்டார்கள். ஆனால் இதே கதையில் ஜோஸ்யர்கள் மறந்துவிடுகிற பாதி ஒன்று உண்டு. முதல் வருஷம் மானிங் எறிந்த பந்துகளில் இருபத்தெட்டு எதிரிகள் கையில் விழுந்தன. புதுமுகம் ஒருவர் அத்தனை பந்துகளை அதுவரையில் பறிகொடுத்ததில்லை. கோஷ்டிக்கு மூன்றே வெற்றி. அந்த ஒரு சீஸனை வைத்துத் தீர்ப்பு எழுதியிருந்தால்? மறு வருஷம் அதே கோஷ்டிக்குப் பதின்மூன்று வெற்றி. தலைசிறந்த ஆட்டக்காரர் விருதை மானிங் ஐந்து முறை பெற்றுவிட்டுத்தான் ஓய்வு பெற்றார்.

இந்தப் பாடத்தைக் கோஷ்டி முதலாளிகள் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. 2023-இல் கரோலினா பாந்தர்ஸ், சிகாகோவிடமிருந்து முதல் இடத்தை விலைக்கு வாங்கியது. விலை என்ன தெரியுமா? தன்னிடமிருந்த சிறந்த பந்து பிடிப்பவரான டி. ஜே. மூரும், அடுத்த வருஷத்து முதல் சுற்று உரிமை உள்பட வேறு பல உரிமைகளும். அவ்வளவும் கொடுத்து பிரைஸ் யங் என்ற பிள்ளையை எடுத்துக்கொண்டார்கள். பந்தைப் பிடிக்கிற ஆளை விற்றுப் பந்தை எறிகிற ஆளை வாங்கினால் எறிந்த பந்தை யார் பிடிப்பது? மதிலும் ஓட்டை. அந்தச் சீஸனில் அறுபதுக்கும் மேற்பட்ட தடவை யங் தரையில் வீழ்த்தப்பட்டார். பதினேழு ஆட்டத்தில் இரண்டே வெற்றி. பயிற்சியாளரைச் சீஸன் முடியும்வரைகூட வைத்திருக்கவில்லை. லீகிலேயே கடைசி இடம் கரோலினாவுக்கு. ஆகவே அடுத்த டிராப்டின் முதல் இடம், எழுதிக் கொடுத்தபடி சிகாகோவுக்கு!

அதே டிராப்டில் இரண்டாவதாக எடுக்கப்பட்ட சி. ஜே. ஸ்ட்ரௌட், முந்தின வருஷம் மூன்றே வெற்றி கண்ட ஹூஸ்டன் கோஷ்டியைப் பத்து வெற்றிக்கு உயர்த்தினார். "கரோலினா ஆள் மாறி எடுத்துவிட்டது" என்று உடனே எல்லோரும் ஒரே குரலில் பாடினார்கள். ஹூஸ்டனில் புதிய பயிற்சியாளர் கட்டுக்கோப்பை உண்டாக்கியிருந்தாரே, அதைக் கணக்கில் சேர்த்தவர்கள் எத்தனை பேர்? 2024-இல் இரண்டு ஆட்டங்கள் முடிந்ததுமே யங்கை ஓரத்தில் உட்கார வைத்தார்கள். பிறகு அவருக்குப் பதிலாக ஆடியவர் மோட்டார் விபத்தில் கட்டை விரலைக் காயப்படுத்திக்கொண்டதால், வேறு வழியின்றி யங்கை மறுபடி இறக்கினார்கள். அதற்குள் மதிலையும் சரிக்கட்டியிருந்தார்கள். முன்பு தத்தளித்த அதே பிள்ளை நிதானமாக ஆடத் தொடங்கினார். ஒருவர் கட்டை விரலில் அடிபடாமலிருந்தால் இன்னொருவருடைய ஜாதகம் வேறாகியிருக்கும்!

இந்தக் காயங்கள் எந்த ஜோஸ்யத்துக்கும் அடங்காதவை. 1999-இல் செயிண்ட் லூயிஸ் கோஷ்டியின் குவார்ட்டர்பேக் சீஸன் ஆரம்பிக்கும் முன்பே முழங்கால் முறிந்து விழ, ஒரு காலத்தில் மளிகைக் கடையில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்த கர்ட் வார்னர் இறங்கி, கடைசி ஆட்டமான சூப்பர் பௌல் வரையில் வென்று முடித்தார். டிராப்டில் நூற்றுத் தொண்ணூற்றொன்பதாவது ஆளாக வந்த டாம் பிரேடிக்கு 2001-இல் வாசல் திறந்ததும் இன்னொருவர் காயத்தால்தான்.

பொழுதுபோக்குக்காகச் சொல்லுகிற ஜோஸ்யந்தானே, பலித்தால் என்ன, பலிக்காவிட்டால் என்ன என்று கேட்கலாம். 2018 மே மாதத்தில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், விளையாட்டுப் பந்தயச் சூதாட்டத்தைத் தடுத்து வந்த சட்டத்தை ரத்து செய்தது. அதன் பிறகு பல ராஜ்யங்களில் அது பகிரங்க வியாபாரம். எந்தப் புதுமுகம் பரிசு வாங்குவார், எந்தக் கோஷ்டி எத்தனை ஆட்டம் வெல்லும் என்பதன் மேலெல்லாம் பணம் கட்டுகிறார்கள். ஹேஷ்யத்தை வேதவாக்காக நம்பிக் கட்டியவர் பணம் போகிறது, அது போகட்டும். தோற்றவர் அந்த ஆத்திரத்தை யார்மேல் கொட்டுகிறார்? முன்பின் தெரியாத அந்த இளைஞர்மேல். இது விளையாட்டுக்கு நல்லதல்ல.

அடுத்த சீஸனைப் பற்றி வாய் திறக்கிறவர்கள் குவார்ட்டர்பேக்கின் உள்ளங்கையை அளப்பதற்கு முன்னால் மதிலில் நிற்கிற ஐந்து பேரைப் போய்ப் பார்க்கட்டும். பயிற்சியாளர் எத்தனை வருஷமாக இருக்கிறார், இன்னும் எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள் என்று விசாரிக்கட்டும். முந்தின வருஷம் மூன்று வெற்றி பெற்ற கோஷ்டி, மயிரிழையில் தோற்ற ஆட்டங்கள் எத்தனை என்று எண்ணட்டும். இதெல்லாம் சுவாரஸ்யமில்லாத வேலைதான். பிள்ளையின் படத்தைப் போட்டு "அடுத்த மன்னர் இவரே" என்று தலைப்புக் கொடுத்தால் விற்கிற மாதிரி, மதிலின் படம் போட்டால் பத்திரிகை விற்காது.

இனி டார்னால்ட். அவர் போய்ச் சேர்ந்த வீடு நியூயார்க் ஜெட்ஸ். மூன்று வருஷத்தில் இரண்டு பயிற்சியாளர்கள், ஓட்டை மதில். 2019 அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை இரவு நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் கோஷ்டியுடன் ஆட்டம். நாலா பக்கமும் எதிரிகள் பாய்ந்து வந்ததில் மிரண்டுபோய், ஓரத்தில் வந்து உட்கார்ந்து, "கண்ணுக்குப் பேய் பேயாகத் தெரிகிறது" என்கிற அர்த்தத்தில் புலம்பினார். அவர் சட்டையில் மாட்டியிருந்த ஒலிவாங்கிக் கருவி அதைத் தேசம் முழுவதற்கும் டெலிவிஷனில் ஒலிபரப்பிவிட்டது! முப்பத்து மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோல்வி. அதிலிருந்து அவர் பெயரைச் சொன்னாலே பேய்தான் நினைவுக்கு வந்தது. 2021-இல் கரோலினாவுக்கு விற்றார்கள். அங்கும் சரிப்படவில்லை. 2023-இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில், டிராப்டின் கடைசி ஆளாக வந்த பிராக் பர்டிக்கு அடுத்தபடியான மாற்று ஆளாக ஓரத்தில் உட்கார்ந்து ஒரு வருஷம் பாடம் கேட்டார். 2024-இல் மினசோட்டாவில் தேர்ந்த பயிற்சியாளரும் நல்ல ஆட்களும் அமைந்தார்கள். பதினேழில் பதினான்கு வெற்றி. ஆனால் டிராப்டில் எடுத்த புதுப் பிள்ளையை நம்பி மினசோட்டா அவரை விட்டுவிட்டது. சியாட்டில் ஸீஹாக்ஸ் அழைத்துக்கொண்டது.

2026 பிப்ரவரியில் சியாட்டில் சூப்பர் பௌலை வென்றது. 2018-இல் முதல் சுற்றில் வந்த ஐந்து பிள்ளைகளில், குவார்ட்டர்பேக்காக நின்று முதன்முதலாக அந்தக் கோப்பையைத் தூக்கியவர் டார்னால்ட். எதிர்க் கோஷ்டி, அன்று பேயைக் காட்டிய அதே பேட்ரியாட்ஸ்.