தினத்தொடருக்கு யார் நடுவர்?

கோவா சர்வதேசத் திரைப்பட விழாவில் 2023 முதல் சிறந்த வெப் சீரிஸுக்கு விருது உண்டு என்று ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அந்த ஆண்டு ஜூலையில் அறிவித்தது. எந்த இந்திய மொழித் தொடரும் போட்டியிடலாம். பரிசு 10 லட்சம் ரூபாய். வரவேற்கிறோம். ‘சுழல்’, ‘வதந்தி’, ‘அயலி’ என்று தமிழ் வெப் சீரிஸ்கள் வரிசையாக வந்துகொண்டிருந்த நேரத்தில் இது நல்ல செய்திதான்.

ஆனால் தகுதி விதியை நம் சின்னத்திரை எழுத்தாளர்கள் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். ஓடிடிக்கென்றே வந்த படைப்புக்குத்தான் இடம். சேனல் ஸ்லாட்டில் ஓடுவது, அதே சேனலின் ஆப்பில் முன்கூட்டியே ஏறினாலும் சேர்த்தியில்லை. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ தொடர் இன்று புதிதாக, அன்றுபோலவே தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டால், விண்ணப்பம்கூடப் போட முடியாது. சான்றிதழ் பெறுவோர் வரிசையில் இயக்குநர், கிரியேட்டர், தயாரிப்பாளர், தளம் எல்லாம் உண்டு. வசனகர்த்தாவைக் காணோம். கிரியேட்டருக்குள்ளேயே அவரும் அடக்கம் என்று யாரேனும் வாதாடினால், அப்படி வாதாடுபவர் ஒரு ஷெட்யூலுக்குக்கூட வசனம் எழுதியதில்லை என்று பொருள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வெப் சீரிஸ் முடிந்த பண்டமாக நடுவர் முன் வருகிறது. எட்டு எபிசோடு, ஒரே நாளில் பார்த்துவிடலாம். தினத்தொடர் ஓடிக்கொண்டே எழுதப்படுவது. வியாழக்கிழமை பார்க் (BARC) ரேட்டிங் வருகிறது, வெள்ளிக்கிழமை கதையின் டிராக் மாறுகிறது. நாயகி விலகுகிறார், ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு கார்டு போட்டுவிட்டுக் கதை நகர வேண்டும். எடுத்து முடித்த கையிருப்பு இரண்டு எபிசோடாக இறங்கியிருக்க, எழுதிய காட்சி லொகேஷனுக்கு வாட்ஸ்அப்பில் போகிறது. இத்தனைக்கும் நடுவில் 600-வது எபிசோடில் மாமியார் பேசுகிற பேச்சு, 6-வது எபிசோடில் பேசிய அதே மனுஷியின் பேச்சாக இருக்க வேண்டும். இந்தத் திறமைக்கு மதிப்பெண் போடும் விருதுக் குழு எது? தயாரிப்புத் தரப்பு பொறுக்கி அனுப்பும் எபிசோடுகளை மட்டும் பார்த்தால் திருமணமும் கோயில் திருவிழாவும்தான் ஜெயிக்கும். சாதாரண செவ்வாய்க்கிழமை எபிசோடு ஒருநாளும் ஜெயிக்காது.

ஒன்றிய அரசு மறந்தால் மாநில அரசு நினைக்கும் என்று பார்த்தால், அங்கே கதை வேறு. தமிழ்நாடு அரசின் சின்னத்திரை விருதுகள் 2022 செப்டம்பர் 4 அன்று கலைவாணர் அரங்கில் வழங்கப்பட்டன. எந்த ஆண்டுகளுக்கு? 2009 முதல் 2013 வரை! அதே மேடையில் திரைப்படங்களுக்கு 2014 வரை கொடுத்தார்கள். சின்னத்திரைக்கு ஓர் ஆண்டு குறைச்சல். தாமதத்தில்கூட நாம் பெரிய திரைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டுமா?

அந்த ஓர் ஆண்டில் என்ன விடுபட்டது தெரியுமா? 2014 மார்ச்சில் இயக்குநர் திருமுருகன் ‘நாதஸ்வரம்’ தொடரின் 1000-வது எபிசோடை ஒரே ஷாட்டில், நேரலையாக ஒளிபரப்பினார். வெட்டு இல்லை, ரீடேக் இல்லை, டப்பிங் இல்லை. கின்னஸ் அதைப் பதிவு செய்துகொண்டது. 2022-இல் கோட்டையில் கோப்பு அந்த ஆண்டுக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. 2009-இல் எழுதியவருக்கு 2022-இல் கேடயம் கொடுப்பது ஓய்வூதிய நிலுவை பட்டுவாடா மாதிரி இருக்கிறது. விருது வந்ததும் சம்பளம் ஏறும், அடுத்த தொடரில் பேர் பெரிதாக விழும் என்பதெல்லாம் சூட்டோடு கொடுத்தால்தான். ஸ்லாட்டே மாறிப்போன பிறகு கேடயத்தைக் காட்டி யாரிடம் பேட்டா கேட்பது?

தமிழ்நாடு அரசின் செய்தித் துறைக்கு எங்கள் கேள்விகள் இவை. அடுத்த விருதுக் குழு அமையும்போது, முழுநேரமாகத் தினத்தொடர் எழுதிய ஒருவராவது அதில் இருப்பாரா? குழு பார்த்த எபிசோடுகளின் எண்கள் வெளியிடப்படுமா? இந்த வேகத்தில் போனால், அந்த எபிசோடுகளின் மாஸ்டரை யாரிடம் வாங்கிப் பார்ப்பார்கள்? எழுதியவரிடம் அது இருக்காது. உரிமையை அவர் முதல் நாள் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்.