புணரா இடத்துச் செய்யத்தக்கது

புணர்ச்சி என்றவுடன் தமிழ் மாணவர்க்கு நிலைமொழியும் வருமொழியும் நினைவில் எழும். இரசாயனவியலார்க்கும் ஒரு புணர்ச்சி உண்டு. அமினோவமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் பெப்தைட்டு என்னும் தொடரை ஆக்குங்கால், இரண்டு அமிலங்கள் கூடுமிடத்தே ஒரு நீர் மூலக்கூறு கெடும். தமிழாசிரியர்க்கு இத்துறையில் என்ன அலுவல் என வினவுவார் இருக்கலாம். எமது கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று ஆய்வுகூடம் புகும் மாணவர், ஆங்கு நேரும் இடர்ப்பாட்டைத் தாய்மொழியிலும் ஒருகால் எண்ணிப் பார்த்தல் நன்று என்பதே எமது விடை.

1963இல் அமெரிக்க அறிஞர் புரூசு மெரிபீல்டு, தொடரின் முதலமிலத்தைச் சிறு பொலித்தைரீன் மணிகளிற் பிணித்துவிட்டு, ஏனையவற்றை அதன்மேல் முறையே சேர்க்கும் வழியை வெளியிட்டார். ஒவ்வொரு படியிலும் எஞ்சிய பொருளைக் கழுவி நீக்கினாற் போதும். 1984இல் அவர்க்கு நோபல் பரிசு கிடைத்தது. எளிமை பெரிதே; ஆயினும் அவ்வெளிமையிலேயே ஆபத்தும் உறைகின்றது. புணராது நின்ற தொடர்களும் அம்மணியிலேயே தங்கிவிடுகின்றன. ஐம்பது புணர்ச்சிகளில் ஒவ்வொன்றும் நூற்றுக்கு 99 நிறைவேறின், இறுதியிற் குறையற்ற தொடர் 60 விழுக்காடே தேறும். 95 நிறைவேறின் 8 விழுக்காடும் தேறாது. ஓரமிலம் மட்டும் விடுபட்ட தொடரோ முழுத்தொடரை மிகவும் ஒத்திருத்தலின், பிரித்தெடுத்தல் பெரும்பாடாகும்.

புணர்ச்சி தடைப்படின், வினைப்பொருளை இருமடங்கு சேர், நேரத்தை நீட்டு, மீண்டும் ஒருமுறை செய் என்பதே பலர் கூறும் பரிகாரம். இதனை யாம் முழுதும் ஏற்கிலேம். பாடம் விளங்காத மாணவனுக்கு அதனையே உரத்த குரலிற் சொல்வது போன்றது அது. முதலிற் காரணம் தேறவேண்டும்.

வருமமிலமே பருத்திருத்தல் ஒரு காரணம். வலீன், ஐசோலியூசீன் இத்தகையன, ஏ.ஐ.பி. எனச் சுருக்கி வழங்கும் அமிலம் இன்னும் கடிது. நீரிழிவுக்கென 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற திர்செப்பரைட்டு என்னும் மருந்தின் 39 அமிலங்களுள் இரண்டு இவ்வமிலமே. இத்தகைய இடத்து, கார்ப்பினோ 1993இல் அறிவித்த எச்.ஏ.ரி.யூ. போன்ற வலிய ஊக்கி பயன்தரும். வெப்பமூட்டலும் உதவும், ஆனால் இஸ்ரிடீன், சிசுற்றீன் ஆகியவை வெப்பத்தில் இடவலம் மாறக்கூடும்.

மற்றைய காரணம் நுண்ணியது. வளர்ந்த தொடர்கள் தம்முள் ஐதரசன் பிணைப்பாற் பிணைந்து பாய்போற் படிந்துவிட, அமினோ முனை உள்ளே மறைந்துபோம். மெரிபீல்டின் கட்டுரை வந்த அதே 1963இல், சென்னைப் பல்கலைக்கழகத்து இராமச்சந்திரனும் இராமகிருஷ்ணனும் சசிசேகரனும் பெப்தைட்டுத் தொடர் எவ்வெக் கோணங்களில் மடங்கலாம் என்பதற்கு வரைபடம் தந்தனர். நீண்டு விரிந்து பாயாகும் நிலைக்கும் அப்படத்தில் ஓரிடம் உண்டு. இங்கே வினைப்பொருளை எத்துணை பெய்யினும் பயன் சிறிதே. பழுகாமத்து வாவியில் வலை சிக்கினால் எவரும் இழுத்து அறுப்பதில்லை, நெகிழ்த்தியே பிரிப்பர். அவ்வாறே கரைப்பானை மாற்றலாம்; மணிகளில் தொடர்களை ஐதாக ஏற்றலாம். கோட்டயம் மகாத்மா காந்திப் பல்கலைக்கழகத்து இராஜசேகரன் பிள்ளையும் அவர்தம் மாணாக்கரும் 1990களில் மணியையே மாற்றினர்: பொலித்தைரீனை நீர்விரும்பும் குறுக்கிணைப்புகளாற் கட்டி, கரைப்பானில் நன்கு ஊதச் செய்தனர். முன்னர் பிள்ளையுடன் ஆராய்ந்த மூற்றர் என்பார், செரீன், திரெயோனீன் முதலியவற்றைப் புரோலீன் போல வளைத்து இடையில் வைக்கும் முறையைக் கண்டார். வளைந்த தொடர் பாயாகப் படியாது. எமது எண்ணத்தில் இவ்விரண்டுமே நோயறிந்த மருத்துவம்.

காரணம் தேறுமுன் சோதனை வேண்டும். கைசரும் குழுவினரும் 1970இல் கூறியவாறு, சில மணிகளை நின்ஐதரினுடன் சூடாக்கின், புணராத அமினோ முனை நீலம் காட்டும். ஆயினும் முனையில் நிற்பது புரோலீனாயின் அந்நீலம் தோன்றாது. அதற்குக் குளோரனில் சோதனை வேறு உண்டு. இறுகப் படிந்த மணியோ நின்ஐதரினையும் உட்புகவிடாது பொய்யுரைக்கும். ஐயம் எழுமிடத்துச் சிறிதளவு மணிகளை எடுத்து, தொடரை வெட்டி, திணிவுநிறமாலையிற் பார்த்துவிட்டே அடுத்த அமிலத்தைத் தொடுதல் வேண்டும். வேலை சிறிது தாமதிக்கும். இருபது படிகள் கடந்தபின் முதலிலிருந்து தொடங்குவதிலும் அது குறைவே.