இரண்டாவது கீப்பர்

ஓசூரை அடுத்த மத்திகிரியில் ஒரு பெரிய கால்நடைப் பண்ணை இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில், 1824-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட பண்ணை இது.

தொடக்கத்தில் அது மாட்டுப் பண்ணையாக இருக்கவில்லை. பட்டாளத்துக்குக் குதிரைகளைத் தயார் செய்யும் இடமாக இருந்தது!

குதிரைப் படையில் ஒரு குதிரை விழுந்துவிட்டால், அந்த இடத்துக்கு வேறு குதிரை வேண்டும். அது பழகிய குதிரையாக இருக்க வேண்டும். சண்டை வந்த பிறகு பழக்க முடியாது. ஆகவே, சண்டை இல்லாத காலத்திலும் தீனி போட்டு, பழக்கி, தயாராக வைத்திருந்தார்கள்.

இன்று மத்திகிரியைச் சுற்றி ஆலைகள் எழுந்துவிட்டன. ஆனால் அந்த ஏற்பாடு மாறவில்லை. நெடுஞ்சாலையில் ஓடும் லாரியில் ஸ்டெப்னி இருக்கிறது. பஞ்சாலையில் பதிலித் தொழிலாளி இருக்கிறார். ஷிப்டுக்கு ஒருவர் வரவில்லை என்றால், அவருடைய இயந்திரத்தின் முன்னால் நிற்க இன்னொருவர் இருக்கிறார்.

விளையாட்டிலும் இப்படி ஒருவர் உண்டு. அவர்தான் இரண்டாவது விக்கெட் கீப்பர்.

ஒரே ஓர் இடம்

கிரிக்கெட் அணியில் 11 பேர். அதில் மட்டை பிடிப்பவர்கள் ஐந்தாறு பேர். பந்து வீசுபவர்கள் நாலைந்து பேர். ஒருவர் சரியாக ஆடவில்லை என்றால், அடுத்தவருக்கு வழி பிறக்கும்.

விக்கெட் கீப்பர் அப்படியல்ல. ஸ்டம்புக்குப் பின்னால் ஒருவர்தான் நிற்க முடியும். முதல் கீப்பர் நன்றாக இருக்கும்வரை, இரண்டாவது கீப்பருக்கு வேலை இல்லை. அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் சரி, வெளியே உட்கார வேண்டியதுதான்!

சென்னையைச் சேர்ந்த பரத் ரெட்டியின் கதை இதுதான்.

கிர்மானியின் நிழலில்

பரத் ரெட்டி 1954-ம் ஆண்டு சென்னையில் பிறந்தவர். தமிழ்நாடு அணியின் விக்கெட் கீப்பர்.

அவர் தலையெடுத்த காலத்தில், இந்திய அணியின் கீப்பராக சையத் கிர்மானி இருந்தார். கிர்மானியும் சென்னையில் பிறந்தவரே. ஆனால், ஆடியது கர்நாடகத்துக்கு. எல்லைக் கோட்டின் மீது இருக்கும் மத்திகிரி மக்களுக்கு இது புதுமையாகத் தெரியாது. ஒரு பக்கம் பிறந்து மறுபக்கம் பிழைப்பவர்கள் இங்கே ஏராளம்.

1977-78-ல் இந்திய அணி ஆஸ்திரேலியா சென்றது. பரத் ரெட்டியும் சென்றார், இரண்டாவது கீப்பராக. 1978-ல் அணி பாகிஸ்தான் சென்றது. அப்போதும் அவர் இரண்டாவது கீப்பர்தான்.

டெஸ்டு பந்தயங்களில் ஸ்டம்புக்குப் பின்னால் கிர்மானி நின்றார். பரத் ரெட்டி பயிற்சி செய்தார். காத்திருந்தார்.

கதவு திறந்தது

1979-ம் ஆண்டு இங்கிலாந்து செல்லும் அணி அறிவிக்கப்பட்டது. அதில் கிர்மானியின் பெயர் இல்லை! தமிழ்நாட்டு வீரர் வெங்கட்ராகவன் கேப்டன். பரத் ரெட்டிக்கும் இடம் கிடைத்தது.

ஆனால் முதலில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில், இந்தியா ஆடிய 3 ஆட்டங்களிலும் சுரீந்தர் கன்னாதான் கீப்பர். அங்கேயும் பரத் ரெட்டி வெளியேதான்.

அதன் பிறகு டெஸ்டு பந்தயங்கள் தொடங்கின. ஜூலை மாதம், பர்மிங்காம் நகரின் எட்ஜ்பாஸ்டன் மைதானத்தில் பரத் ரெட்டி முதன்முதலாக இந்தியாவுக்காக டெஸ்டு ஆடக் களம் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 24.

எப்படிப்பட்ட தொடக்கம்! இங்கிலாந்து 5 விக்கெட்டு இழப்புக்கு 633 ரன் குவித்தது. டேவிட் கோவர் 200 ரன் எடுத்து, கடைசிவரை அவுட் ஆகவில்லை. விழுந்த 5 விக்கெட்டையும் கபில்தேவே எடுத்தார். அத்தனை நேரமும் ஸ்டம்புக்குப் பின்னால் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தவர் பரத் ரெட்டி. இந்தியா ஓர் இன்னிங்ஸ், 83 ரன் வித்தியாசத்தில் தோற்றது.

லார்ட்ஸ் மைதானத்திலும், லீட்சிலும் நடந்த அடுத்த இரண்டு பந்தயங்கள் வெற்றி தோல்வி இன்றி முடிந்தன. நான்காவது பந்தயம் லண்டன் ஓவல் மைதானத்தில் நடந்தது.

ஓவலில் கடைசி நாள்

அந்தப் பந்தயத்தைக் கிரிக்கெட் ரசிகர்கள் இன்றும் மறக்கவில்லை. இந்தியா வெற்றி பெற 438 ரன் தேவை. கவாஸ்கர் தனி ஆளாக 221 ரன் குவித்தார். வெற்றி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கவாஸ்கர் அவுட் ஆனதும், விக்கெட்டுகள் மளமளவென்று சரிந்தன.

செப்டம்பர் 4-ந்தேதி மாலை. ஆட்டம் முடிந்தபோது இந்தியாவின் கணக்கு 8 விக்கெட்டுக்கு 429 ரன். இன்னும் 9 ரன் எடுத்திருந்தால் வெற்றி! இன்னும் 2 விக்கெட்டு விழுந்திருந்தால் தோல்வி!

அந்த நேரத்தில் மட்டையுடன் களத்தில் நின்றவர்கள் இருவர். ஒருவர் கர்சன் காவ்ரி. மற்றவர் பரத் ரெட்டி. அவர் எடுத்தது 5 ரன். அவுட் ஆகவில்லை.

கவாஸ்கரின் 221 எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பரத் ரெட்டியின் 5 யாருக்கு நினைவிருக்கிறது? ஆனால் அன்று அவர் அவுட் ஆகியிருந்தால், இந்தியா தோல்வியின் விளிம்பில் நின்றிருக்கும்.

ஒரே வாரம்

ஓவல் பந்தயம் முடிந்து சரியாக ஒரு வாரம். செப்டம்பர் 11-ந்தேதி ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அடுத்த டெஸ்டு பந்தயம் தொடங்கியது. எங்கே? சென்னை சேப்பாக்கத்தில்! பரத் ரெட்டியின் சொந்த ஊரில்!

ஆனால் ஸ்டம்புக்குப் பின்னால் நின்றவர் கிர்மானி. அந்தப் பந்தயத்தில் அவர் 57 ரன்னும் எடுத்தார். அதே தொடரில் பம்பாய் பந்தயத்தில், ஒருநாள் மாலை விக்கெட்டு விழாமல் காப்பதற்காக முன்கூட்டியே களம் இறக்கப்பட்டு, 101 ரன் எடுத்தார். கடைசிவரை அவுட் ஆகவில்லை.

கதவு மூடிவிட்டது. 1980-81-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பயணத்துக்குப் பரத் ரெட்டி மீண்டும் சென்றார். மீண்டும் இரண்டாவது கீப்பராகவே. அவர் அதன்பின் டெஸ்டு ஆடவே இல்லை.

அவருடைய மொத்தக் கணக்கு இதுதான்: 4 டெஸ்டு. 38 ரன். 9 கேட்ச். 2 ஸ்டம்பிங். ஒருநாள் போட்டிகள் 3.

பல ஆண்டு உழைப்புக்கு, ஒரே ஒரு கோடைகாலம்!

யார் மீது குற்றம்?

கிர்மானி மீது குற்றம் இல்லை. அவரும் காத்திருந்து வந்தவரே. 1971-லும், 1974-லும் இங்கிலாந்து சென்ற அணியில் பரூக் எஞ்சினீயருக்குப் பின்னால் இருந்தார். அவருக்கு முதல் டெஸ்டு கிடைத்தது 1976 ஜனவரியில்! பிறகு 88 டெஸ்டு ஆடினார். 1983-ல் உலகக் கோப்பையை வென்ற அணியின் கீப்பரும் அவரே. ஐந்து ஆண்டு காத்திருந்து கிடைத்த இடத்தை அவர் எளிதில் விடுவாரா?

இங்கிலாந்தின் பாப் டெய்லரும் அப்படித்தான். 1971-ல் ஒரு டெஸ்டு ஆடினார். அடுத்த டெஸ்டு ஆட 1977-ம் ஆண்டின் கடைசிவரை காத்திருந்தார். ஆலன் நாட் என்ற பெரிய கீப்பர் அதுவரை வழியில் நின்றார். பிறகு டெய்லர் மொத்தம் 57 டெஸ்டு ஆடிவிட்டார்.

1986-ல் லார்ட்ஸ் மைதானத்தில் நியூசிலாந்துக்கு எதிரான பந்தயத்தில் இங்கிலாந்து கீப்பர் காயம் அடைந்தார். ஓய்வு பெற்றிருந்த டெய்லர் விருந்தினர்களோடு மைதானத்தில் இருந்தார். வயது 45. அவரை அழைத்து கையுறை மாட்டி நிறுத்தினார்கள். எதிர் அணி கேப்டன் பெருந்தன்மையோடு சம்மதித்தார்.

அந்தக் காலச் சட்டப்படி, மாற்று ஆள் கீப்பராக நிற்க உரிமை இல்லை. 2017-ல்தான் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது நடுவர் சம்மதித்தால் மாற்று ஆள் கீப்பராக நிற்கலாம். இரண்டாவது கீப்பரின் அவசியத்தைச் சட்டமே ஒப்புக்கொள்ள அத்தனை காலம் ஆயிற்று!

அமெரிக்காவில் எப்படி?

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டம் பிரசித்தம். அதில் மட்டைக்காரருக்குப் பின்னால் முகமூடியும் மார்புக் கவசமும் அணிந்து குந்தி உட்கார்ந்திருப்பவருக்கு 'கேட்சர்' என்று பெயர். நம் விக்கெட் கீப்பரின் ஒன்றுவிட்ட சகோதரர் என்று சொல்லலாம்.

அங்கே ஓர் அணி ஓர் ஆண்டில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஏறக்குறைய தினமும் ஆட்டம். நாள்தோறும் குந்தி உட்கார்ந்தால் முழங்கால் என்ன ஆகும்? ஆகவே முதல் கேட்சருக்கு அடிக்கடி ஓய்வு கொடுத்து, இரண்டாவது கேட்சரை ஆட விடுகிறார்கள். அவர் வெறும் ஸ்டெப்னி அல்ல. அவருக்கும் முறை உண்டு.

மோ பெர்க் என்ற கேட்சர் 1923 முதல் 1939 வரையிலான காலத்தில் 15 பருவங்கள் ஆடினார். பெரும்பாலும் இரண்டாவது ஆளாகவே இருந்தார். ஆடியது 663 ஆட்டங்கள். ஆனால் அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஆட்டம் இல்லாத மாதங்களில் சட்டம் படித்து வக்கீல் ஆனார். பல மொழிகள் கற்றார். இரண்டாவது உலகப் போரில் அமெரிக்க அரசின் உளவாளியாகப் பணியாற்றினார்!

இன்னொரு வழி

நம் சென்னை வீரர் தினேஷ் கார்த்திக்கும் இரண்டாவது கீப்பராக நின்றவரே. 2004-ல் அவர் இந்திய அணிக்கு வந்தார். அதே ஆண்டு டிசம்பரில் டோனியும் வந்துவிட்டார்! கையுறை டோனியிடம் போயிற்று.

கார்த்திக் மட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 2007-ல் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டு தொடரில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார். இந்திய அணியில் அதிக ரன் எடுத்தவர் அவர்தான். 2018 மார்ச் 18-ந்தேதி கொழும்பில் வங்காளதேசத்துக்கு எதிராக 8 பந்துகளில் 29 ரன் விளாசினார். கடைசிப் பந்தில் சிக்சர் அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

ஒரு வாசல் அடைபட்டால் வேறு வாசலைத் தேட வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பரத் ரெட்டியும் முடங்கிவிடவில்லை. சென்னை லீக் பந்தயங்களில் ஆடும், சன்மார் நிறுவனத்தின் ஆதரவு பெற்ற ஜாலி ரோவர்ஸ் அணியின் நிர்வாகத்தில் நெடுங்காலம் பணியாற்றினார். தனக்குக் கிடைக்காத வாய்ப்பு இளைஞர்களுக்குக் கிடைக்கும்படி உழைத்தார். கசப்பை மனதில் வைத்துக்கொண்டிருப்பவர் செய்கிற வேலை அல்ல அது!

செய்ய வேண்டியது

காத்திருப்பதும் ஒரு வேலைதான். அதை வெட்டிப் பொழுது என்று நினைப்பது தவறு. மத்திகிரிப் பண்ணையில் குதிரையைத் தயார் செய்தவர்கள், அதற்கும் முழுத் தீனி போட்டார்கள். வெறுமனே கட்டிப் போட்டிருந்தால், வேண்டிய நேரத்தில் அது ஓடுமா?

மனிதருக்கும் அதுதான் நியாயம். அணியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இரண்டாவது கீப்பரை ஊர் ஊராக அழைத்துச் சென்று உட்கார வைத்தால் மட்டும் போதாது. அவருக்கும் முறை வைத்து ஆட்டம் கொடுக்க வேண்டும். ஓர் ஆட்டக்காரரின் நல்ல வயது பத்து ஆண்டுதான். அது பெஞ்சில் கழிந்துவிட்டால் யார் திருப்பித் தருவது?

பள்ளிக்கூடங்களிலும் இதைக் கவனிக்க வேண்டும். பயிற்சி ஆட்டத்தில் பாதி நேரம் ஒரு பையனும், பாதி நேரம் மற்றவனும் கீப்பராக நிற்கட்டும். இதற்குப் பணம் செலவாகாது. மனம் இருந்தால் போதும்.

ஆலைகளுக்கும் இது பொருந்தும். பத்து ஆண்டு பதிலியாகவே நிற்கும் தொழிலாளிக்கும் குடும்பம் உண்டு. அவரும் ஒருநாள் நிரந்தர வேலை பெறும் வழி இருக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மத்திகிரியில் இருந்து பெங்களூரு 40 கிலோ மீட்டர். சென்னை 300 கிலோ மீட்டருக்கு மேல். இரண்டு பக்கமும் பெரிய மைதானங்கள் உண்டு. பையன் அங்கே போய் ஆட ஆசைப்பட்டால் தடுக்க வேண்டாம். ஆனால் படிப்பையோ, ஒரு தொழிலையோ விடாமல் கற்கச் செய்யுங்கள். பந்து எப்போது கைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. வராமலே போகலாம்.

உங்கள் பையன் அணியில் இரண்டாவது ஆள் என்று தெரிந்தால், "நீ ஆடவே இல்லையே!" என்று கேட்காதீர்கள். "இன்று பயிற்சி செய்தாயா?" என்று கேளுங்கள். அவன் கையில் இருப்பது அந்தப் பயிற்சி ஒன்றுதான்.