ஆரஞ்சு அலர்ட் விட்டும் வடக்கனந்தலில் மழையே இல்லையா? காரணம் இதுதான்!

'கள்ளக்குறிச்சிக்கு ஆரஞ்சு அலர்ட்' என்றால் வடக்கனந்தலில் மழை கொட்டியே தீரும் என்று அர்த்தமில்லை. மாவட்டத்தில் எங்காவது 24 மணி நேரத்தில் 12 முதல் 20 செ.மீ. வரை பெய்யலாம் என்பதுதான் பொதுவாக அதன் பொருள். மஞ்சள் என்றால் 7-11 செ.மீ., ரெட் என்றால் 20 செ.மீ.க்கு மேல். 'ஓரிரு இடங்களில்' என்றால் அதிகபட்சம் கால்வாசி இடங்களில்தான் மழை.

அதற்காக அசட்டையாக இருந்துவிட முடியாது. கல்வராயன் மலையில் கொட்டும் மழை கோமுகி அணைக்கும் வரும். ஊரில் தூறல்கூட இல்லாமலேயே ஆற்றில் வெள்ளம் வரலாம். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஆனால் கடலைவிட்டு வெகுதூரம் தள்ளியிருக்கும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டித் தீர்த்தது.

அதனால் வெயில் அடித்தாலும் மலைப் பக்கம் ஒரு கண் வைங்க. அணை திறப்பு அறிவிப்பு வந்தால் ஆற்றில் இறங்காதீங்க!