ஆளில்லாத குடில்

1868இல் தொடங்கப்பட்ட நார்வே மலையேற்றச் சங்கம் நடத்தும் 500க்கும் மேற்பட்ட குடில்களுள் 'தன்னுதவிக் குடில்' என்னும் வகை, அதாவது பணியாளர் எவருமின்றி, உறுப்பினர்கள் முன்பணம் கட்டிப் பெறும் ஒரே மாதிரிச் சாவியால் பெரும்பாலும் திறக்கப்படும் வகை, விடுமுறை என்றாலே பிறர் பணிவிடையில் திளைப்பதுதான் என்ற எண்ணத்தைப் பொய்யாக்குகிறது. தங்குபவர்களே ஓடையில் நீர் மொண்டு, விறகு பிளந்து, இரும்படுப்பை மூட்டி, சரக்கறையிலிருந்து எடுத்த ஓட்ஸுக்கும் டப்பா உணவுக்கும் தாமே கணக்கெழுதிக் கட்டணம் செலுத்துகின்றனர். புறப்படுமுன் அடுத்து வருபவருக்காக விறகை நிரப்பி, தரையையும் கூட்டிவிட வேண்டும். கண்காணிப்பே இல்லாத இடத்தில் இம்முறை நிலைத்திருப்பதற்கு நார்வேயரின் பிறவி நேர்மையைக் காரணம் காட்டுவது சோம்பலான விளக்கம். பனிப்புயலில் ஒதுங்க வேறு கூரையில்லாத நிலத்தில், காலியான சரக்கறையும் ஈர விறகும் உயிருக்கே உலைவைக்கக்கூடும் என்பதைப் பயன்படுத்துவோர் அறிந்திருப்பதே அதைவிட வலுவான காரணமாகத் தோன்றுகிறது.