சிகரெட் தொடாதவரின் மூச்சிரைப்பையும் சோதியுங்கள்

பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்து, இன்று ஈப்போ, சுங்கை சிப்புட், கோலக்கங்சார் வட்டாரத் தாமான்களிலும் மலிவு விலை வீடுகளிலும் வாழும் குடும்பங்களின் சார்பில் இந்த நிலைப்பாட்டை வெளியிடுகிறோம். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயைப் புகைபிடிப்பவரின் நோயாக மட்டும் பார்ப்பதை நாங்கள் ஏற்கவில்லை. நாற்பது வயதைத் தாண்டி, மூச்சிரைப்போ விடாத சளி இருமலோ உள்ள முன்னாள் தோட்ட மக்கள் ஒவ்வொருவருக்கும் அரசு கிளினிக்கில் மூச்சை ஊதவைத்து அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை கிடைக்க வேண்டும்.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பொழுது விடியுமுன் பால்வெட்டுக்குக் கிளம்ப வேண்டிய பெண், இருட்டிலேயே எழுந்து விறகடுப்பை மூட்டினார். மழைக்காலத்தில் விறகு காய்ந்திருக்காது. லயத்தின் சின்ன அடுக்களையில் குனிந்து ஊதி ஊதித்தான் சோறு பொங்கியது. கைக்குழந்தையும் அதே புகையில்தான் தூங்கியது. ரப்பர் ஷீட் செய்யும் ஸ்டோரில் நின்றவர்களுக்கு வேறொரு புகை. பாலை ஃபார்மிக் அமிலம் விட்டு உறைய வைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்கி, கழிகளில் தொங்கவிட்டு, நாள்கணக்கில் விறகுப் புகை போடுவார்கள். நெருப்பைப் பார்க்கவும் ஷீட்டைத் திருப்பவும் அந்த அறைக்குள் ஆள் போய்வர வேண்டும். இதில் பீடியும் சுருட்டும் சேர்ந்துகொண்டது உண்மை. அதை நாங்கள் மறைக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 2021இல் இந்நோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ 35 லட்சம் பேர். பணக்கார நாடுகளில் நோயாளிகளில் 70 விழுக்காட்டுக்கு மேல் புகைபிடித்தலே காரணம். மற்ற நாடுகளில் அது 30 முதல் 40 விழுக்காடுதான். அங்கே வீட்டுக்குள் சூழும் புகையும் பெரிய காரணம். 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள புகைபொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தை முழுமனதோடு ஆதரிக்கிறோம். ஆனால் அது வருங்கால நுரையீரலைத்தான் காக்கும். அறுபது வயதுப் பாட்டியின் நுரையீரலுக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

அந்தப் பாட்டியிடம் “வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்” என்று வீட்டில் சொல்கிறார்கள். வெளியில் போனால் ஆஸ்துமா என்று பெயர் வைக்கிறார்கள். ஆஸ்துமாவும் இந்நோயும் ஒன்றல்ல. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், முழு மூச்சில் 70 விழுக்காட்டை முதல் நொடியில் வெளியேற்ற முடியாவிட்டால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். இதைக் காட்டுவது ஸ்பைரோமெட்ரி. அந்தச் சோதனையில் மொழிக்கும் பங்குண்டு. நோயாளி முழு மூச்சிழுத்து, பலமாக, விடாமல் பல நொடிகள் ஊத வேண்டும். பாதியில் நிறுத்தினால் முடிவு தப்பாகும். “ஊதுங்கம்மா, இன்னும், இன்னும், விடாதீங்க” என்று பக்கத்தில் நின்று சொல்ல ஆள் வேண்டும். மலாய் சரியாகப் பிடிபடாத முதியவருக்கு அதைத் தமிழில் சொல்வதைச் சலுகையாக நாங்கள் நினைக்கவில்லை. அது சோதனையின் ஒரு பகுதி.

மூச்சு மருந்துப் பம்பு எடுப்பதும் அப்படியே. குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அழுத்தும்போதே மெல்ல உள்ளிழுத்து, பத்து நொடி அடக்க வேண்டும். இதைச் செய்து காட்டாமல் கையில் கொடுத்தனுப்பினால் மருந்து நாக்கோடு நின்றுவிடும். கை நடுங்குபவருக்கு ஸ்பேசர் குழாய் தர வேண்டும். இழந்த நுரையீரல் திரும்பாது. ஆனாலும் புகையை நிறுத்துவதும், சளிக்காய்ச்சல் தடுப்பூசியும், பயிற்சியாளர் சொல்லித்தரும் நடையும் மூச்சுப்பயிற்சியும் இன்னும் பல ஆண்டுகள் மார்க்கெட் வரை நடந்து போய்வர வைக்கும். மூச்சு வாங்குகிறதென்று நாள் முழுதும் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவதுதான் ஆகாது. கொசுவர்த்தியை அறைக்குள் ஏற்றாதீர்கள். ஒரு சுருள் எரியும்போது வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வொன்று கண்டது.

தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிடமும் ஒரு கோரிக்கை. தோட்டம் விற்கப்பட்டு, செம்பனையாகவோ வீடமைப்பாகவோ மாறிய பிறகு, தோட்டக் கிராணி எழுதிய வேலைப் பதிவேட்டைத் தொழிலாளி எங்கே போய்த் தேடுவார்? வேலைசார் நோய்க்கான மனுக்களில் உடன் வேலை பார்த்தவர்களின் சத்தியப் பிரமாணத்தையும் சான்றாக ஏற்க வேண்டும்.

பெற்றோரைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும் பிள்ளைகளே, எந்தத் தோட்டம், என்ன வேலை, எத்தனை வருடம், வீட்டில் என்ன அடுப்பு என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் அதை அவர் மேசைமேல் வையுங்கள். ஸ்பைரோமெட்ரி வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.